வேலியோரம் நின்ற ஐந்து உறவினர்கள்

கோவைக்கு அருகே ஒரு மழலையர் பள்ளியில் தோட்டத்தைச் சீரமைத்துத் தரும்படி அழைத்திருந்தார்கள். தாவரவியல் படித்துவிட்டு மண்வெட்டியைப் பிடித்தவன் நான். பதினெட்டு ஆண்டுகளாக இதுதான் பிழைப்பு. தலைமையாசிரியை என்னை வேலியோரமாக அழைத்துச் சென்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மஞ்சள் மணி மணியாகத் தங்க அரளி. அதை ஒட்டிச் செவ்வரளி. மதில்மேல் அலமண்டா கொடி. நுழைவாயிலின் இருபுறமும் தொட்டிகளில் அடீனியம். நடைபாதை நெடுக நித்தியகல்யாணி. "ஐந்து வகைச் செடி வைத்திருக்கிறோம் சார், தண்ணீர் ஊற்ற மறந்தாலும் பூத்துக்கொண்டே இருக்கும்" என்றார்.

ஐந்தும் ஒரே குடும்பம் என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஒன்று மரம்போல நிற்கிறது, ஒன்று கொடி, ஒன்று அடிபருத்த குட்டைச் செடி, ஒன்று முழங்கால் உயரம்கூட இல்லை. நிறமும் ஒன்றில்லை. எப்படி உறவாகும்?

உயரத்தையும் நிறத்தையும் பார்த்துச் செடிகளைப் பிரிப்பது நாற்றுப்பண்ணைக்காரரின் கணக்கு. எங்கே நடுவது, எவ்வளவு வெயில் வேண்டும் என்பதற்கு அது போதும். தாவரவியலில் பூவின் அமைப்பையும் காயையும்தான் முதலில் பார்ப்பார்கள். அரளிக் குடும்பத்துக்கு அப்போசைனேசி என்று பெயர். 'நாய்க்கு ஆகாதது' என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பெயர் வைத்தவர்கள் எச்சரிக்கையையும் சேர்த்தே வைத்துவிட்டார்கள்.

அடையாளம் கண்டுகொள்ள நுண்ணோக்கி எதுவும் தேவையில்லை. அன்று அந்த ஆசிரியையிடம் ஒரு நித்தியகல்யாணி மொட்டைக் கிள்ளிக் கொடுத்தேன். இதழ்கள் ஒன்றன் விளிம்பு மற்றொன்றன்மேல் ஏறி, குடையைச் சுருட்டியதுபோலத் திருகியிருக்கும். விரிந்த பிறகும் ஐந்து இதழ்களும் காற்றாடிபோல ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். அடியில் ஒன்றுசேர்ந்து குழலாகும். அலமண்டாவிலும் அடீனியத்திலும் இதே திருகல்தான். பல இனங்களில் இலையைக் கிள்ளினால் பால் வடியும். ஆனால் பாலை மட்டும் நம்ப முடியாது. செவ்வரளியில் வெள்ளைப்பால் அவ்வளவாக வருவதில்லை, பிசுபிசுப்பான சாறுதான். மறுபுறம் குரோட்டன்ஸ், முள்கிரீடம்போன்ற ஆமணக்குக் குடும்பத்துச் செடிகளிலும் பால் உண்டு. அது வேறு வம்சம், வேறு நச்சு. முள்கிரீடத்தின் பால் கண்ணில் தெறித்தால் பார்வையையே பாதிக்கலாம்.

தமிழ்ப் பெயர்கள் சில இடங்களில் உறவைச் சரியாகவே சொல்லிவிடுகின்றன. செவ்வரளி, தங்க அரளி, ஈழத்தலரி ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்துக்குள் மூன்று வெவ்வேறு பேரினங்கள் (குடும்பத்துக்கு உள்ளே வரும் கிளைகள்), ஆனாலும் 'அரளி', 'அலரி' என்று ஒரு கொத்தாக நம்மவர்கள் வைத்தது பிழையில்லை. நித்தியகல்யாணி என்ற மங்கலப் பெயரிலோ அந்தத் துப்பு கிடையாது.

குடும்பம் தெரிந்தால் என்ன பயன் என்று கேட்கலாம். செவ்வரளியில் ஒலியாண்டரின், தங்க அரளியில் தெவெட்டின் என்னும் பொருள்கள் இருக்கின்றன. இதயத் துடிப்பைத் தாறுமாறாக்குபவை இவை. காய்ந்த இலையிலும் நச்சு போவதில்லை. அடீனியத்தின் சாற்றை ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் தடவினார்கள். நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் அரளியை வரிசையாக நடுவதற்கு, வறட்சியைத் தாங்கும், எதிர்வண்டி வெளிச்சத்தை மறைக்கும் என்பதோடு, ஆடுமாடு வாய்வைக்காது என்பதும் ஒரு காரணம். ஆட்டுக்குத் தெரிந்தது மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியாது. அந்தப் பள்ளி வேலியில் தங்க அரளி பச்சைப் பசேலென்று காய்த்துத் தொங்கியது. எடுத்துச் சொப்பு வைத்து விளையாடத் தோன்றும் அளவு, கைக்கு அடங்கும் வடிவம்.

2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியது. கேரளத்தில் ஓர் இளம்பெண் தெரியாமல் அரளி இலையை மென்றதால் இறந்திருக்கலாம் என்ற சந்தேகம்தான் அதற்கு வழிவகுத்தது. உடனே நம் பக்கத்திலும் சிலர் அரளியையே வெட்டிவிட வேண்டும் என்று பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சேலம் பனமரத்துப்பட்டியில் அரளியைப் பயிரிட்டுத்தான் பல குடும்பங்கள் சாப்பிடுகின்றன. பிள்ளையார் கழுத்து மாலையில் அரளி இருக்கட்டும். பொங்கல் தொன்னைமேல் வேண்டாம், அவ்வளவுதான்.

குடும்பத்தைச் சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுவதுமில்லை. எருக்கும் நன்னாரியும் மாகாளிக்கிழங்கும் நான் படித்த பாடநூலில் அஸ்கிளிபியடேசி என்ற தனிக் குடும்பத்தில் இருந்தன. 1998இல் ஆஞ்சியோஸ்பெர்ம் ஃபைலோஜெனி குழு, மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் பூக்கும் தாவரங்களைத் திருத்தி அடுக்கியபோது, அந்தக் குடும்பம் அரளிக் குடும்பத்துக்குள் சேர்ந்துவிட்டது. ஆக, கோடையில் நாம் குடிக்கும் நன்னாரி சர்பத்தும் ஊறுகாய் ஜாடியிலுள்ள களாக்காயும் அரளிக்குச் சொந்தம்தான்! குடும்பப் பெயர் தீர்ப்பு அல்ல. விசாரிக்க வேண்டிய இடம் எது என்று காட்டும் கைகாட்டி மரம். தலைமுறை தலைமுறையாக உண்டு பார்த்தவற்றைத் தவிர, இந்தக் குடும்பத்தில் புதிதாக எதையும் வாயில் வைக்காதீர்கள் என்பதே என் பேச்சு.

இதில் எனக்கு மிகுந்த கவலை தருவது நித்தியகல்யாணி. லின்னேயஸ் 1759இல் இதற்கு வின்கா ரோசியா என்று பெயரிட்டார். 1837இல் ஜார்ஜ் டான் அதை கேத்தராந்தஸ் பேரினத்துக்கு மாற்றினார். நாற்றுப்பண்ணைகளில் இன்றும் 'வின்கா' என்றுதான் விற்கிறார்கள், நூற்றாண்டுகள் பிந்திய பெயர்ப்பலகை. அது போகட்டும். சர்க்கரை குறையும் என்று காலையில் வெறும் வயிற்றில் இதன் பூவையும் இலையையும் மெல்லுகிற வாடிக்கையாளர்கள் எனக்கு நாலைந்து பேராவது உண்டு. இந்த நம்பிக்கை ஜமைக்காவிலும் இருந்தது. அங்கிருந்து வந்த இலைகளை வைத்துக் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் ஆராய்ந்தார்கள். எதிர்பார்த்தபடி எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை. இரத்த வெள்ளணுக்கள் சரிந்தன. அந்த வியப்பிலிருந்து 1958இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து பிறந்தது; பின்னர் வந்த வின்கிரிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் மருந்து. மருத்துவமனையில் அளந்து, கண்காணித்து ஏற்றுகிற மருந்தின் மூலப்பொருளை நாம் வாசலில் பறித்து மெல்லுகிறோம்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக் கூடத்தில் டைஃபன்பாக்கியா வைத்துக் கொடுத்தேன். பெரிய இலை, பச்சையில் வெள்ளைத் தெளிப்பு, இருட்டறையிலும் வாடாது. அந்த வீட்டில் தவழும் குழந்தை இருப்பதை நான் கேட்கவில்லை. குழந்தை இலையைக் கடித்துவிட்டது. உதடும் நாக்கும் வீங்கி, எச்சில் ஒழுக, அழவும் முடியாமல் அது தவித்ததாகத் தொலைபேசியில் சொன்னார்கள். மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்தச் செடி சேப்பங்கிழங்கின் குடும்பம், அரேசி. கிழங்கு நறுக்கும்போது கை அரிக்கிறதே, அதற்குக் காரணமான ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள்தான் இதிலும். சேம்பைப் புளி விட்டு வேகவைக்கத் தெரிந்த வீட்டில், அதன் பங்காளியைக் கூடத்தில் வைத்திருக்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியவன் நான். மணி பிளாண்ட், ஆந்தூரியம், ஃபிலோடெண்ட்ரான் எல்லாம் இதே வீட்டார். அன்றிலிருந்து செடிப் பட்டியல் போடுமுன் வீட்டில் குழந்தை உண்டா, நாய் உண்டா என்று கேட்டுவிடுகிறேன். நாய் இருந்தால் சைகஸும் வேண்டாம். பனைபோலத் தெரிந்தாலும் அது பனையில்லை, பூக்கவே பூக்காத பழைய வம்சம். அதன் விதையைத் தின்ற நாய்க்கு ஈரல் கெட்டுவிடும்.

குழந்தை எதையாவது மென்றுவிட்டால் வாயில் மிச்சமிருப்பதை எடுத்து, வாயைக் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அரளி வகையில் இதயப் பாதிப்பு தாமதமாகவும் தலைகாட்டலாம். 'நன்றாகத்தானே விளையாடுகிறான்' என்று காத்திருக்கக் கூடாது. 108ஐ அழையுங்கள். செடியின் ஒரு கிளையைக் காயோடு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

பள்ளித் தோட்டத்துக்கு வருகிறேன். தங்க அரளியைக் கையுறை போட்டு வேரோடு எடுத்தோம். எரிக்கவில்லை, புகையும் கெடுதி. பள்ளம் தோண்டிப் புதைத்தோம். அடீனியம் மொட்டைமாடிக்கு ஏறியது. வேலியில் செம்பருத்தியும் இட்லிப்பூவும், நடைபாதையில் டிசம்பர் பூவும் வந்தன. செவ்வரளியை மட்டும் அங்கு வேலை செய்யும் ஆயா விடவில்லை. பிள்ளையாருக்கு வேண்டும் என்றார். பள்ளிக்கு வெளியே, தெருமுனைக் கோயிலின் பின்புறம் நட்டுக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்துக் கவாத்து செய்யப் போனபோது அந்த ஆயா முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு வெள்ளைப் பூவை எடுத்து நீட்டினார். ஒற்றையடுக்கு நந்தியாவட்டை. "இதுவும் காற்றாடி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்கிறது, தம்பி. இலையைக் கிள்ளினேன், பாலும் வந்தது. எங்கள் வாசலில் இருக்கிறது. பேத்தி நேற்றுதான் ஊரிலிருந்து வந்திருக்கிறாள். இதுவும் அவர்கள் ஆள்தானா?"