நெங்மியோன் வீட்டில் செய்வோர் கவனத்துக்கு: சாற்றை ஆறவைப்பதில்தான் பாதுகாப்பு இருக்கிறது

கொரியாவின் குளிர்ந்த நூடுல்ஸ் சூப்பான நெங்மியோனை வீட்டிலேயே செய்யலாமா என்று, நான் நடத்தும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகளில் இப்போதெல்லாம் அடிக்கடி கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் இதில் இறைச்சிச் சாறு ஒருமுறை ஆறிய பின் மீண்டும் சூடேறாமலே கிண்ணத்துக்கு வருகிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஆறவைப்பதில் நேர்ந்த பிழையைப் பரிமாறும் முன் ஒரு கொதி விட்டுச் சரிசெய்யும் வாய்ப்பு இங்கே இல்லை.

பியோங்யாங் முறை நெங்மியோன் உண்மையில் குளிர்காலத்து உணவு. 1849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொரியப் பருவ வழக்க நூலொன்று இதைப் பதினோராம் மாதத்து உணவாகவே குறிப்பிடுகிறது. தொங்சிமி எனப்படும் முள்ளங்கிக் கிம்ச்சியின் (புளிக்கவைத்த கொரிய ஊறுகாயின்) புளித்த நீரை இறைச்சிச் சாற்றோடு கலக்கும் அந்த வழக்கத்துக்கு வேண்டிய குளிரைப் பருவமே தந்தது. இன்று அதைக் கோடையில் உண்ணுகிறோம் என்பதால் அந்தக் குளிரை நாமே உண்டாக்க வேண்டியிருக்கிறது.

அரை கிலோ மாட்டு நெஞ்சுக்கறியை அரை மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்துக் கழுவி, இரண்டரை லிட்டர் தண்ணீரில் வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகு சேர்த்து, நுரையை எடுத்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் சிறுதீயில் வேகவிடுங்கள். இதுவரை ஆபத்து குறைவு; அடுப்பை அணைத்த பின்னர்தான் அது தொடங்குகிறது. குளோஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரையும் தாங்கிப் பிழைத்திருக்கும். கொதித்ததால் ஆக்சிஜன் வெளியேறிய, வெதுவெதுப்பான இறைச்சிச் சாறு அவை முளைத்துப் பெருக மிக ஏற்ற இடம். பெரிய பாத்திரத்தில் மூடி வைத்த சாறு, கோடைக்காலச் சமையலறையில் பல மணி நேரம் அந்தச் சூட்டிலேயே நிற்கும்.

சமைத்த உணவு 57 டிகிரி செல்சியஸிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறங்க வேண்டும் என்பதே நாங்கள் கற்பிக்கும் அளவு. அதற்குச் சாற்றை வடிகட்டி, இரண்டு விரல் உயரத்துக்கு மேற்படாமல் அகலமான தட்டுகளில் ஊற்றி, ஐஸ் நீரில் வைத்துக் கிளறி, ஆறியதும் குளிர்பெட்டிக்குள் வைக்க வேண்டும். மறுநாள் மேலே உறைந்திருக்கும் கொழுப்பை முழுவதும் எடுத்துவிட்டு, உப்பும் சிறிது சர்க்கரையும் தொங்சிமி நீரும் சேர்த்து, பனித்துகள் படரும்வரை உறைபெட்டியில் வைத்தால் சாறு தயார். தொங்சிமி கிடைக்காவிட்டால் வினிகர் போதும். உண்ணும் நேரத்தில் ஊற்றும் ஒரு கரண்டி வினிகர் கிருமிகளைக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கையைப் பலரிடம் காண்கிறேன்; அது ருசிக்கு மட்டுமே உதவும்.

பக்வீட் என்ற விதையின் மாவில் செய்த நூடுல்ஸைப் பொட்டலத்தில் குறித்த நேரம் வேகவைத்து, மாவுப்பசை போகும்வரை கையால் தேய்த்து அலசுங்கள். அந்தக் கடைசி அலசலுக்கும் ஐஸ் கட்டிக்கும் கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள், ஏனெனில் அதன்பின் அவை எதுவும் சூட்டைக் காணப்போவதில்லை.

நூடுல்ஸின் மேலே வைக்கும் முட்டையை மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவையுங்கள். 2022 மே மாதம் தென்கொரியாவின் கிம்ஹே நகரில் நெங்மியோன் உண்டவர்களிடையே சால்மோனெல்லா என்ற பாக்டீரியா பரவி ஒருவர் இறந்தார். சந்தேகம் மேலே தூவிய முட்டைச் சீவலின் மீது விழுந்தது. பச்சை முட்டையைத் தொட்ட கையோடு, மேலே வைக்கும் வெள்ளரியையோ பேரிக்காயையோ நறுக்காதீர்கள்.

பக்வீட் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கும். விருந்தினரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு நூடுல்ஸ் வெந்த நீரைக்கூடக் கொடுக்கக் கூடாது. இது கோதுமை வகை அன்று என்றாலும் பல பொட்டலங்களில் கோதுமை மாவு கலந்திருப்பதால், குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் ஒவ்வாதவர்கள் உறையில் உள்ள பட்டியலைப் படித்த பிறகே வாங்க வேண்டும்.

கிண்ணத்தில் மீந்த சாற்றைக் கொட்டிவிடுங்கள். பரிமாறாத சாற்றை மூன்று நாள்களுக்குள் பயன்படுத்துங்கள், அல்லது அன்றே உறையவைத்துவிடுங்கள்.