ரேடியோவில் பழுதில்லை, மலை மறைக்கிறது

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ரேடியோ திருத்துகிறேன். மழைக்காலம் தொடங்கியதும் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் ரேடியோக்கள் கூடிவிடும். "ஸ்டேஷனே இழுக்கல தம்பி, நல்லா பாத்துக் குடுங்க" என்பார்கள். திறந்து பார்த்தால் பல ரேடியோக்களில் பழுதே இருக்காது.

பண்பலை ஏறக்குறைய வெளிச்சத்தைப் போல நேர்கோட்டில் போகும். நடுவில் மலை வந்தால் அதன் பின்புறம் நிழல் விழும். முகட்டில் கொஞ்சம் வளைந்து இறங்கினாலும் ஆழமான பள்ளத்தாக்குக்கு அது போதாது. இலங்கையின் உயரமான மலை பிதுருதலாகலை, 2524 மீட்டர். அதன் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரங்கள் உண்டு. அங்கிருந்து தடையில்லாத திசையில் சுமார் 180 கிலோமீட்டர் வரை பார்வை போகும். கொழும்பு அந்த எல்லைக்குள் வந்துவிடும். ஆனால் பக்கத்திலேயே, இன்னொரு முகட்டின் மறைவில் இருக்கும் தோட்டத்துக்கு எட்டாமல் போகலாம். குத்துவிளக்கின் அடியில் இருட்டு என்பது இதுதான்.

இந்த நிழலை நிரப்பத்தான் ஒரே வானொலியை வேறு வேறு மலைகளிலிருந்து வேறு வேறு அலைவரிசைகளில் விடுகிறார்கள். கொழும்பில் கேட்ட எண்ணையே இங்கும் திருகிக்கொண்டிருந்தால் இரைச்சல்தான் மிஞ்சும்.

இப்படி மூன்று தடவை கடைக்கு வந்த ஓர் அம்மாவின் லயத்துக்கே, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கே, ஒரு நாள் போனேன். தகரக் கூரைக்குக் கீழே, சாமித் தட்டில் ரேடியோ. வெறும் 'உஷ்' சத்தம். வாசலுக்கு எடுத்து வந்து, இரண்டு மலைகளுக்கு நடுவே தெரிந்த இடைவெளியைப் பார்த்துப் பிடித்தேன், செய்தி தெளிவாக வந்தது. ஓர் எட்டு தள்ளினால் மங்கியது, இன்னும் கொஞ்சம் தள்ளினால் திரும்ப வந்தது. பண்பலையின் அலைநீளம் சுமார் 3 மீட்டர். நேரே வரும் அலையும் எதிர்மலையில் பட்டுத் திரும்பும் அலையும் சில இடங்களில் சேர்ந்து பலக்கும், முக்கால் மீட்டர் தள்ளி ஒன்றையொன்று அழித்துவிடும். அந்த அம்மா இத்தனை நாளும் ரேடியோவைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார்.

மழை பண்பலையைத் தடுக்கும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அந்த அலைகளுக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. மழையோடு மின்சாரம் போவதும், ஏரியல் இணைப்பில் ஈரம் இறங்குவதும்தான் வழக்கமான காரணம்.

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு மழை கனத்தால் பள்ளத்தாக்கில் இருக்கும் ரேடியோக்கள்தான் என் நினைவுக்கு வருகின்றன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்களில் விடுகிறது. சிவப்பு என்றால் வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். மின்சாரம் போய் நேரமானால் கைபேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிடக்கூடும். அப்போது கையில் இருப்பது பேட்டரி ரேடியோ மட்டுமே.

அதனால் வெயில் நாளிலேயே வீட்டைச் சுற்றி ரேடியோவோடு நடந்து பாருங்கள். எந்த இடத்தில் எந்த எண் நன்றாக எடுக்கிறது என்று குறித்து வையுங்கள். ஸ்டீரியோ பொத்தான் இருந்தால் மோனோவுக்கு மாற்றுங்கள், இரைச்சல் குறையும். வெளியே கம்பி ஏரியல் கட்டியிருந்தால் இடி தொடங்கும் முன்பே கழற்றிவிட வேண்டும், இதில் அலட்சியமே கூடாது.

அந்த அம்மாவின் வாசல் நிலைக்குப் பக்கத்தில் கரியால் ஒரு கோடு இருக்கிறது. அதற்கு மேலே இரண்டு அலைவரிசைகள், கீழே இடர் முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117.