பெயர் மாறும், மனை மாறாது: ஒரு ஜெர்மன் குடும்பத்தை அதன் வீட்டு வழியே தேடிய கதை

அம்மா அப்பா காலமான பிறகு பழைய வீட்டை விற்க முடிவு செய்பவர்கள் முதலில் செய்யும் காரியம், வாசலில் ஒரு பெரிய இரும்புக் குப்பைத்தொட்டியை வாடகைக்குக் கொண்டுவந்து நிறுத்துவது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், பழைய வீடுகளின் வரலாற்றை ஆவணங்களில் தேடி எழுதிக் கொடுப்பது என் தொழில். எனக்கு வரும் அழைப்புகளில் பல, அந்தத் தொட்டி நிரம்பி லாரியில் போன பிறகு வருபவை. "எங்கள் முன்னோர் ஜெர்மனியில் எந்த ஊர் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்பார்கள். பரணில் காகிதம் ஏதாவது இருந்ததா என்று நான் கேட்பேன். "ஏதோ புரியாத எழுத்தில் ஒரு கட்டு இருந்தது..." என்று இழுப்பார்கள். அந்த இழுப்பைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன்.

மில்வாக்கியை ஒரு காலத்தில் 'ஜெர்மன் ஏதென்ஸ்' என்றே அழைத்தார்கள். பீர் ஆலை அதிபர் ஃபிரடெரிக் பாப்ஸ்ட் 1892இல் கட்டி முடித்த மாளிகை இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. பணக்காரர் வீட்டுக்கு எப்படியோ ஒரு காவல் கிடைத்துவிடுகிறது. தோல் பதனிட்டவர், கொத்தனார், தையல்காரர் வாழ்ந்த வீடுகளுக்கு அப்படி யாரும் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் காவல்.

சில வருடங்களுக்கு முன் ஓர் அக்காவும் தம்பியும் வந்தார்கள். இருவருக்கும் எழுபதைத் தாண்டிய வயது. நகரின் வடபகுதியில் இரண்டு மாடிச் செங்கல் வீடு, நான்கு தலைமுறை வாழ்ந்தது, விற்கப் போகிறார்கள். தொட்டி இன்னும் வரவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். தங்கள் குடும்பத்தைப் பற்றி மூன்று விஷயங்கள் அவர்களுக்கு உறுதியாகத் தெரிந்திருந்தன. தாத்தா பெர்லினிலிருந்து வந்தவர். நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவு நிலையத்தில் இருந்த அதிகாரி அவருடைய பெயரைத் தப்பாக எழுதிவிட்டார். வீட்டைத் தாத்தாவே தன் கையால் கட்டினார். இந்த மூன்றையும் நான் குறித்துக்கொண்டேன், ஆனால் தேடலை அங்கிருந்து தொடங்கவில்லை. ஷ்மிட் என்பவர் ஸ்மித் ஆவார், முல்லர் மில்லர் ஆவார். பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரே பெயரில் நாற்பது பேர் வந்து நிற்பார்கள். மனை அப்படியில்லை. இருந்த இடத்திலேயே இருக்கும்.

நம் ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போலத்தான் இங்கேயும். நம் மாவட்டம் போன்ற ஒவ்வொரு கவுண்டியிலும் பத்திரப் பதிவு அலுவலகம் உண்டு. மனை எண், தொகுதி எண் தெரிந்தால், விற்றவர் யார், வாங்கியவர் யார், யாரிடம் அடமானம், எப்போது தீர்த்தார்கள் என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கலாம். இந்த மனையைத் தாத்தா 1887இல் வாங்கியிருந்தார். 1903இல் அதை அடமானம் வைத்துக் கடன் வாங்கினார். 1919இல் கடன் தீர்ந்ததற்கான பத்திரம் பதிவானது. முதல் இரண்டிலும் பெயர் அசல் ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் இருந்தது. மூன்றாவதில்தான் இன்று அந்தக் குடும்பம் வைத்திருக்கும் ஆங்கிலப் பெயர் முதல்முறையாக வந்தது, "முன்பு இன்ன பெயரால் அறியப்பட்டவர்" என்ற குறிப்போடு.

ஆக, எல்லிஸ் தீவு இல்லை. இருக்கவும் முடியாது. 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு குடியேறியும் அமெரிக்கா வந்த வருடத்தைக் கேட்டுப் பதிந்தார்கள். தாத்தா சொன்னது 1881. எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892 ஜனவரியில்தான். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும் அங்கே யாரும் புதுப்பெயர் சூட்டவில்லை. கப்பல் ஏறும்போதே தயாரான பயணிகள் பட்டியலை வைத்துத்தான் அதிகாரிகள் சரிபார்த்தார்கள். இந்த எல்லிஸ் தீவுக் கதையை மாதம் ஒருமுறையாவது கேட்கிறேன். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பெயர் மாறிய உண்மைக் காரணத்தை வீட்டுப் பெரியவர்கள் சொல்ல விரும்பாதபோது, அந்த இடத்தை நிரப்ப ஒரு கதை வேண்டியிருந்தது.

அந்தக் காரணத்துக்கு வருகிறேன். அதற்கு முன் வீட்டைப் பார்த்துவிடலாம்.

தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக சான்பார்ன் என்ற நிறுவனம் அமெரிக்க நகரங்களை வீடு வீடாக வரைந்து வைத்திருக்கிறது. செங்கல் கட்டடம் என்றால் இளஞ்சிவப்பு, மரவீடு என்றால் மஞ்சள், கல் என்றால் நீலம். எங்கள் ஊர்ச் செங்கல் பால்வண்ணத்தில் வெளிறியிருக்கும், ஆனாலும் வரைபடத்தில் அதற்கும் இளஞ்சிவப்புதான். 1894ஆம் ஆண்டு வரைபடத்தில் இந்த மனையின் பின்பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் கட்டம் மட்டும் இருந்தது. முன்பக்கம் வெற்றிடம். 1910 வரைபடத்தில் முன்னால் பெரிய இளஞ்சிவப்புக் கட்டம் வந்துவிட்டது, மஞ்சளும் அப்படியே இருந்தது. அதாவது முதலில் ஒரு மரவீட்டில் குடியிருந்து, சம்பாதித்து, பிறகு முன்னால் செங்கல் வீடு எழுப்பியிருக்கிறார்கள். 1903இல் வாங்கிய கடன் எதற்கு என்பது அங்கே விளங்கியது. இந்தத் தேடலில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: 1930 வாக்கில் மில்வாக்கியில் வீட்டு எண்கள் மாறின. சிகாகோவில் 1909இல். இன்றைய எண்ணை வைத்துப் பழைய முகவரிப் புத்தகத்தில் தேடினால் வேறு யாருடைய வீட்டிலோ போய் நிற்பீர்கள்.

சரி, கட்டியது யார்? நகராட்சி கட்டட அனுமதிச் சீட்டில் கொத்தனார் பெயர் இருந்தது. தாத்தா இல்லை. அவர் தோல் பதனிடும் தொழிலாளி. கொத்தனார் பெயரைப் பார்த்ததும் எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. திரும்ப 1900 கணக்கெடுப்பை எடுத்தேன். அந்தச் சின்ன மரவீட்டில், குடும்பத்தாரின் பெயர்களுக்குக் கீழே, 'உடன் தங்கியிருப்பவர்' என்று அதே பெயர்!

தேடலே அங்கேதான் திரும்பியது. ஒரு புலம்பெயர்ந்த வீட்டில் தங்கியிருப்பவர் பெரும்பாலும் யாரோ எவரோ அல்ல. உறவுக்காரர், ஊர்க்காரர், கப்பலில் கூட வந்தவர். நம் ஆட்கள் வெளிநாடு போனால் யார் அறையில் முதலில் தங்குகிறார்களோ அதே கதைதான். தாத்தாவின் ஆவணம் எதிலும் ஊர்ப்பெயர் இல்லை. 1906க்கு முந்தைய குடியுரிமைக் காகிதங்களில் "பிரஷ்ய மன்னருக்கான விசுவாசத்தைத் துறக்கிறேன்" என்ற அளவில்தான் இருக்கும், கிராமம் இருக்காது. பிரெமன் துறைமுகத்தின் அந்தக் காலக் கப்பல் பட்டியல்கள் அழிந்துவிட்டன. ஹாம்பர்க் பட்டியல்கள் 1850 முதல் பிழைத்திருக்கின்றன, அவற்றில் கடைசியாக வசித்த ஊர்கூட இருக்கும், ஆனால் இவர்கள் அதில் இல்லை. 1890 கணக்கெடுப்பு 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பெரும்பகுதி சேதமானது, மிஞ்சியதையும் பிறகு அழித்துவிட்டார்கள். எல்லாக் கதவும் மூடியிருந்தபோது அந்தக் கொத்தனார் ஒரு கதவைத் திறந்தார். லூத்தரன் தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டில் அவர் பிறந்த கிராமம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. பிரஷ்யாவின் பொமரேனியா மாகாணத்தில், கோஸ்லின் நகரத்துக்குப் பக்கத்தில். அதே தேவாலயத்தின் திருமணப் பதிவேட்டைப் புரட்டினால், தாத்தாவின் பெயருக்கு எதிரேயும் அதே கிராமம்.

கோஸ்லின் இன்று போலந்தில் கோஷாலின். பெர்லின் எங்கே, அது எங்கே! ஆனால் குடும்பத்தார் சொன்னதையும் புரிந்துகொள்ள முடிகிறது. 'ஜெர்மனி' என்று ஒரு நாடு உருவானதே 1871இல்தான். அதற்கு முன் பிரஷ்யா, பவேரியா, பாடன் என்று தனித்தனி நாடுகள். யாருக்கும் தெரியாத கிராமத்தைச் சொல்வதைவிடத் தலைநகரைச் சொல்வது சுலபம்.

இப்போது பெயருக்கு வருகிறேன். 1900 கணக்கெடுப்பில் தாத்தாவின் குடியுரிமைக் கட்டத்தில் இருந்தது, 'முதல் காகிதம் மட்டும்' என்பதற்கான குறியீடு. அதாவது குடிமகனாக விரும்புவதாக அறிவித்திருக்கிறார், முடிக்கவில்லை. மில்வாக்கி இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்தில் அந்தக் காலத்தில் முதல் காகிதம் இருந்தாலே வாக்களிக்கலாம். அதனால் பலர் அத்தோடு நிறுத்திவிட்டார்கள், யாருக்கும் அது குறையாகவும் தெரியவில்லை. 1917இல் அமெரிக்கா ஜெர்மனி மீது போர் தொடுத்ததும் இப்படிப்பட்டவர்கள் ஒரே நாளில் 'எதிரி நாட்டவர்' ஆனார்கள். 1918இல் புகைப்படமும் கைரேகையும் கொடுத்துப் பதிவுசெய்யச் சொன்னார்கள். பெண்களையும் விடவில்லை. இந்த வீட்டுப் பாட்டி மில்வாக்கியிலேயே பிறந்தவர். ஆனால் 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்நியரை மணந்த அமெரிக்கப் பெண் கணவனின் நாட்டவராகிவிடுவாள். பிறந்த மண்ணில், பிறந்த தெருவுக்குப் பக்கத்தில், அவர் எதிரி நாட்டுப் பெண்.

அதே 1918இல் எங்கள் நகரின் ஜெர்மானியா கட்டடத்து முகப்பிலிருந்த, ஜெர்மனியைப் பெண்ணாக உருவகித்த ஜெர்மானியா சிலையை இறக்கினார்கள். சின்சினாட்டியில் பிரெமன் தெரு ரிபப்ளிக் தெருவானது, ஜெர்மன் தெரு இங்கிலிஷ் தெருவானது. இல்லினாய் மாநிலத்தின் காலின்ஸ்வில்லில் ராபர்ட் பிரேகர் என்ற ஜெர்மன் குடியேறியை ஒரு கும்பல் தூக்கிலிட்டுக் கொன்றது. 1919 பத்திரத்தில் வந்த புதுப்பெயரை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். எந்த அதிகாரியும் தப்பாக எழுதவில்லை. பயந்துபோன ஒரு மனிதர் தன் பெயரைத் தானே மாற்றிக்கொண்டார்.

இதைச் சொன்னபோது தம்பி எதுவும் பேசவில்லை. அக்காதான் பரணைத் திறந்து பார்க்கலாம் என்றார். பலகைக்கு அடியில் மெழுகுத்துணியில் சுற்றிய கட்டு ஒன்று கிடைத்தது. ஒரு பாடல் புத்தகம், வரி ரசீதுகள், ஊரிலிருந்து வந்த கடிதங்கள், கூடவே ஒரு பள்ளிச் சிறுவனின் கையெழுத்துப் பயிற்சி நோட்டு. கூர்மையான பழைய ஜெர்மன் எழுத்தில் பக்கம் பக்கமாக. அட்டையில் இருந்தது அவர்களுடைய அப்பாவின் பெயர். "அப்பாவுக்கு ஜெர்மன் ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தோம்" என்றார் அக்கா.

சொந்த வீடு இருந்தவர்களுக்குப் பத்திரம் இருக்கும், வாடகைக்கு இருந்தவர்களுக்கு என்ன இருக்கும் என்று கேட்கலாம். நியூயார்க்கில் 97, ஆர்ச்சர்ட் தெருவைப் பாருங்கள். லூக்காஸ் க்ளாக்னர் என்ற பிரஷ்யத் தையல்காரர் 1863இல் கட்டிய வாடகைக் குடியிருப்பு அது. 1935இல் மேல்தளங்களில் இருந்தவர்களைக் காலிசெய்து மூடிவைத்தார்கள். 1988இல் அருங்காட்சியகம் அமைக்க இடம் தேடியவர்கள் கண்ணில் பட்டது. அங்கே குடியிருந்த நத்தாலி கம்பர்ட்ஸின் கணவர் 1874இல் ஒருநாள் வேலைக்குப் போனவர் திரும்பவேயில்லை. நத்தாலி தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். கணவர் வழியில் 600 டாலர் சொத்து வந்தபோது, அதைப் பெறுவதற்காக 1883இல் நீதிமன்றம் போய்க் கணவர் இறந்ததாக அறிவிக்கச் செய்தார். அந்த நீதிமன்றக் காகிதம் இருந்ததால்தான் சொந்தமாக ஒரு செங்கல்கூட இல்லாத பெண்ணின் வாழ்க்கை இன்று நமக்குத் தெரிகிறது.

தொட்டி வருவதற்கு முன் செய்ய வேண்டியது அதிகமில்லை. பரண், படிக்கட்டுக்கு அடி, பழைய லினோலியம் தரைவிரிப்புக்கு அடி ஆகிய இடங்களைப் பாருங்கள். குளிர் புகாமலிருக்க விரித்த செய்தித்தாளில் தேதி இருக்கும். கட்டாகக் கிடைத்ததை வரிசை கலைக்காமல் படமெடுங்கள். படிக்க முடியவில்லை என்பதற்காக எதையும் தூக்கிப் போடாதீர்கள், அந்த எழுத்தைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டாதீர்கள். அப்புறம் ஒன்று: 1978க்கு முந்தைய வீடுகளின் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். ஆர்வத்தில் சுவரைச் சுரண்டாதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் நிச்சயமாகக் கூடாது.

அந்த அக்காவும் தம்பியும் விற்பனையைச் சில வாரம் தள்ளிப்போட்டார்கள். கொத்தனாரின் வாரிசுகள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். முகவரிப் புத்தகங்களைப் பிடித்துக்கொண்டு வந்தால், இரண்டு மைல் தூரத்தில் அவருடைய கொள்ளுப்பேத்தி. மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தித்தார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். அந்தம்மா ஒரு பழைய புகைப்படத்தைக் கொண்டுவந்திருந்தார். அது எந்த இடம் என்று அவர் வீட்டில் யாருக்கும் தெரியாதாம். பாதி எழும்பிய செங்கல் சுவர், அதன்மேல் கொத்துக்கரண்டியோடு ஒருவர், கீழே தொப்பி போட்ட இன்னொருவர். சுவருக்குப் பின்னால், அதுவரை வரைபடத்தில் மஞ்சள் கட்டமாக மட்டுமே நான் பார்த்திருந்த அந்தச் சின்ன மரவீடு, வாசலில் துணி காய்ந்துகொண்டிருக்க, அப்படியே நின்றது. படத்தின் பின்பக்கம் பென்சிலில் இரண்டு பெயர்கள். இரண்டாவது பெயர், பழைய எழுத்துக்கூட்டலில்.