தட்டைப் பார்க்காமலே கணக்குப் போடும் மென்பொருள்

ஒரு வாழைப்பழம், இரண்டு துண்டு ரொட்டி, ஒரு டம்ளர் பால் என்று சத்துக் கணக்கிடும் மென்பொருளில் மாணவர் தட்டச்சு செய்து முடித்ததும் கலோரி, புரதம், இரும்பு, கால்சியம் எல்லாம் திரையில் வரிசையாக வந்து நிற்கும், அதுவும் தசமப் புள்ளியோடு. அந்தப் புள்ளிதான் ஆளை நம்ப வைத்துவிடுகிறது. மென்பொருள் அந்தப் பழத்தைப் பார்க்கவும் இல்லை, எடை போடவும் இல்லை. ஓர் அட்டவணையில் 'வாழைப்பழம், 100 கிராம்' என்ற வரியைத் தேடி எடுத்து, நாம் சொன்ன அளவுக்கு ஏற்பப் பெருக்கி, மற்றதோடு கூட்டியிருக்கிறது. ஆரோக்கியமான உணவைப் பற்றிப் பாடம் நடத்த இதைக் கையில் எடுக்கும் ஆசிரியர் முதல் வகுப்பிலேயே இந்தக் கணக்கைப் பிரித்துக் காட்டிவிட வேண்டும் என்பேன். இல்லையென்றால் திரை சொல்வதே தீர்ப்பு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

சரி, அட்டவணைக்கு எண்கள் எங்கிருந்து வந்தன? ஆய்வகத்திலிருந்துதான், ஆனால் எல்லாமே நேராக அளந்தவை அல்ல. புரதத்தையே பாருங்கள். டென்மார்க்கில் ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்த யோஹான் கெல்டால் 1883-இல் வெளியிட்ட முறைப்படி உணவில் இருக்கும் நைட்ரஜனை அளப்பார்கள். புரதத்தில் சுமார் 16% நைட்ரஜன் என்பதால் வந்த எண்ணை 6.25-ஆல் பெருக்கி, இதுதான் புரதம் என்று எழுதிவிடுவார்கள். கார்போஹைட்ரேட் கதை இன்னும் வேடிக்கை. 100 கிராம் உணவில் இருக்கும் நீர், புரதம், கொழுப்பு, சாம்பல் (எரித்த பிறகு மிஞ்சும் தாதுக்கள்) இவற்றின் கிராம் அளவை 100-இலிருந்து கழித்தால் மிச்சம் என்னவோ, பல அட்டவணைகளில் அதுதான் கார்போஹைட்ரேட்.

கலோரியும் இப்படித்தான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் உணவை எரித்து வரும் வெப்பத்தை அளந்தார், உடலில் சேராமல் கழிவாக வெளியே போவதையும் அளந்து கழித்தார். கிராமுக்குப் புரதம் 4, கொழுப்பு 9, கார்போஹைட்ரேட் 4 கலோரி என்று இன்று எல்லா இடத்திலும் புழங்கும் எண்கள் அந்த வேலையிலிருந்து வந்தவை. இதை வைத்து மாணவர்களுக்கு ஓர் அருமையான பயிற்சி கொடுக்கலாம். 100 கிராம் வாழைப்பழத்தில் புரதம் 1.1, கொழுப்பு 0.3, கார்போஹைட்ரேட் 22.8 கிராம் என்கிறது அமெரிக்க வேளாண்துறையின் தரவுத்தளம். 4, 9, 4 போட்டுக் கையால் பெருக்கினால் 98 கலோரி வரும். அதே தரவுத்தளம் சொல்வதோ 89. யார் தப்பு? யாருமில்லை. பழங்களுக்கு அவர்கள் வேறு பெருக்கு எண் வைத்திருக்கிறார்கள், கார்போஹைட்ரேட்டுக்கு 4-க்குப் பதில் 3.6. பாதாமில் இடைவெளி இன்னும் பெரிது: பழைய கணக்குப்படி 28 கிராமில் சுமார் 170 கலோரி, ஆனால் அதே வேளாண்துறை ஆய்வாளர்கள் ஆட்களுக்குச் சாப்பிடக் கொடுத்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில் உடலுக்குக் கிடைத்தது 129-தான். நாம் என்னதான் மென்றாலும் பருப்பின் செல் சுவர்கள் முழுசாக உடைவதில்லை, உள்ளே இருக்கும் கொழுப்பில் ஒரு பங்கு அப்படியே வெளியே போய்விடுகிறது.

மாணவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் அரிசிக்கும் சோற்றுக்கும். 100 கிராம் அரிசி சுமார் 360 கலோரி, வெந்த சோறு 130. சோற்றை எடை போட்டுவிட்டு பட்டியலில் 'அரிசி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். அப்புறம் இந்த வெற்றிடம். ஓர் உணவில் ஒரு வைட்டமினை யாருமே அளக்கவில்லை என்றால் அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும், சில மென்பொருள்கள் அதைப் பூஜ்யமாக நினைத்துக் கூட்டிவிடும்.

சர்க்கரை விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் மொத்த ஆற்றலில் 10%-க்குக் கீழே இருக்கச் சொல்வது தனிச் சர்க்கரையை, அதாவது நாமாகச் சேர்ப்பது, தேன், பழச்சாறு இவற்றில் உள்ளது. 2000 கலோரிக்கு அது 50 கிராம். பல மென்பொருள்கள் காட்டுவதோ மொத்தச் சர்க்கரை, பாலில் இயல்பாக இருப்பதும் முழுப் பழத்தில் இருப்பதும் அதிலேயே சேர்ந்துவிடும். அந்த ஒரு எண்ணை மட்டும் பார்க்கும் மாணவர் குளிர்பானத்தையும் பழத்தையும் ஒரே கூண்டில் ஏற்றிவிடுவார்.

சிவப்புப் பட்டை இன்னொரு தொல்லை. ஒரு நாளைக்குப் பரிந்துரைத்த அளவில் இரும்பு 80%-தான் வந்திருக்கிறது என்று மென்பொருள் சிவப்பில் காட்டியதும் தனக்கு இரும்புச்சத்துக் குறைபாடு என்று பயந்துவிடுகிறார்கள். அந்த 100% என்பது ஆரோக்கியமானவர்களில் 97, 98 சதவீதம் பேருக்குப் போதும் என்று வேண்டுமென்றே உயர்த்தி வைத்த அளவு, பெரும்பாலோருக்கு அதைவிடக் குறைவே போதும். அதுவும் ஒரு நாள் சாப்பாட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பல நாள் சராசரி வேண்டும்.

மாணவர் தன் சொந்தச் சாப்பாட்டையும் எடையையும் வகுப்பில் பதிவு செய்வது எனக்குப் பிடிக்காத விஷயம். வளரும் வயதில் கலோரி எண்ணும் பழக்கம் சிலரைச் சாப்பாட்டுக்கே பயப்பட வைத்துவிடும். கற்பனையாக ஓர் ஆளை உருவாக்கி, அவருடைய ஒரு வாரச் சாப்பாட்டைக் கொடுத்து, கலோரிப் பத்தியை மறைத்து வைத்துவிட்டு நார்ச்சத்து, கால்சியம், சோடியம் மட்டும் பார்க்கச் சொல்லலாம். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 2000 மில்லிகிராம் சோடியம் 5 கிராம் உப்புக்குச் சமம், ஒரு நாளைக்கு அதற்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்த ஓர் உணவை மாற்றினால் சோடியம் அதிகம் குறைகிறது என்று தேட விட்டால், உப்பாகவே தோன்றாத ரொட்டியும் பட்டியலில் மேலே வருவதைப் பார்த்து வகுப்பில் சத்தம் கிளம்பும். அடுத்த வகுப்பில் அதே ஆளின் சாப்பாட்டை வேறொரு மென்பொருளில் போடச் சொல்லுங்கள். இரண்டு விடைகளும் ஒத்துப்போகாது. எந்த உணவில், எந்த வரியில் பிரிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வீட்டுப்பாடம்.