காம்பவுண்டு மறைக்க கொடி வைக்கிறீங்களா? பூவ அப்புறம் பாருங்க, அது எப்படி ஏறுதுன்னு மொதல்ல பாருங்க

போன வருஷம் மே மாசம், காலைல ஆறரை கூட ஆகல, சேலம் அழகாபுரத்துல இருந்து ஒரு அம்மா போன் பண்ணாங்க. "ஏங்க தம்பி, நீங்க வச்ச கொடி மொத்தமா பக்கத்து வீட்டு கார் மேல படுத்துக் கெடக்குது, சீக்கிரம் வாங்க." முந்தின நாள் ராத்திரி கோடை மழை, கூடவே பேய்க்காத்து. போய் பார்த்தா எட்டடி உசரத்துக்கு நட்ட பைப்பு, கம்பி வலை, கொடி எல்லாம் ஒண்ணா சாய்ஞ்சு கெடக்கு. கொடிக்கு மட்டும் ஒண்ணும் ஆகல, நீலப்பூ அப்படியே ஜம்முன்னு இருக்கு.

தப்பு என்னோடது தான், மறைக்க ஒண்ணுமில்ல. நாலு வருஷம் முன்னாடி அவங்களுக்கு பக்கத்துல இருந்த காலி மனைல மாடி வீடு வந்துருச்சு, அந்த பால்கனில யாராச்சும் நின்னா இவங்க அடுப்படி வரைக்கும் தெரியுது, "சீக்கிரமா மறையணும் தம்பி"ன்னாங்க, நானும் சீக்கிரமா வளரணும்னு தன்பெர்ஜியாங்கற அந்த நீலப்பூ கொடிய வச்சேன். ஒரே வருஷத்துல சுவரே தெரியாம மறைச்சுருச்சு, அவங்களுக்கும் சந்தோஷம் எனக்கும் சந்தோஷம். ஆனா அந்த மாதிரி வேகமா வர்ற கொடி மறைச்சதோட நிக்காதுங்க. மேல புது தண்டு, அதுக்கு மேல புது தண்டுன்னு போர்வை மேல போர்வையா ஏறும், உள்ள இருக்கறது வெளிச்சம் இல்லாம காஞ்சு சருகா அப்படியே நிக்கும், மழை பெஞ்சா அத்தனையும் தண்ணி குடிச்சு கனம் ஏறும், அந்த நேரத்துல காத்து அடிச்சா பந்தல் துணி உப்புற மாதிரி மொத்தமா வாங்கிக்கும். நான் பைப்ப ஒரு அடி தான் புதைச்சிருந்தேன். எட்டடி மறைப்புக்கு குறைஞ்சது ரெண்டரை அடி குழி, கான்கிரீட், ஆறடிக்கு ஒரு பைப்பு, இது இல்லாம இப்ப நான் வேலைய தொடறதே இல்ல.

கொடி வாங்கறவங்க நூத்துக்கு தொண்ணூறு பேரு போன்ல ஒரு பூ போட்டோ காட்டி "இது வேணும்"பாங்க. அது எதைப் புடிச்சு ஏறும்னு யாரும் கேக்கறதில்ல. முல்லை, சங்குப்பூ, அவரை, தன்பெர்ஜியா இதெல்லாம் தண்டே சுத்திக்கிட்டு ஏறும், இதுக்கு மெல்லிசான நெட்டுக்கம்பி இல்ல கயிறு வேணும், தடிமனான தூண் கொடுத்தா சுத்த முடியாம கீழயே குவிஞ்சு கெடக்கும். கோவை, பீர்க்கு, பேஷன் ஃப்ரூட் எல்லாம் சுருள் விட்டு புடிக்கும், அதுக்கு வலை சரி. பெரிய கொடிக்கு மட்டும் அந்த ரெண்டு இஞ்ச் கட்டம் போட்ட வெல்டு மெஷ் போடாதீங்க, அஞ்சு வருஷத்துல தண்டு பருத்து கட்டத்துக்குள்ள மாட்டிக்கும், அப்புறம் கொடிய வெட்டவும் முடியாது கம்பிக்கு பெயிண்ட் அடிக்கவும் முடியாது. ஒரு அடிக்கு ஒரு கம்பி இழுத்துக் கட்டுங்க, போதும்.

காகிதப்பூ ஏறாது, சாயும். முள்ள வச்சு மேல மேல சாஞ்சுக்கும், நாம தான் கட்டி விடணும். ஆனா நம்ம சேலம் வெயிலுக்கு அதை அடிச்சுக்க ஆளில்ல, தண்ணிய குறைச்சா தான் நல்லா பூக்கும். நடக்கற பாதையோரம், புள்ளைங்க சைக்கிள் ஓட்டற இடம்னா மட்டும் வேண்டாம். அப்புறம் இந்த வால் கிரீப்பர், குட்டி குட்டி இலையா சுவத்துல ஒட்டிட்டே போகுமே ஃபைகஸ், அதை வீட்டு சுவத்துல விடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிங்க. ஒட்டுவேர் பெயிண்ட்ட புடிச்சுக்கும், பிடுங்கினா பூச்சும் சேர்ந்து வரும், வயசான கொடில கெளை தடிச்சு பெரிய இலையா வெளிய நீட்டிட்டு நிக்கும், வாங்கின அன்னைக்கு பாத்த அழகு இருக்காது.

கர்ட்டன் கிரீப்பர் கதை இன்னும் வேடிக்கை. பேர்லயே கர்ட்டன்னு இருக்கு, அது மேல இருந்து தொங்கற செடி. கீழ மண்ணுல நட்டுட்டு "மூணு மாசமா ஏறவே மாட்டேங்குதுங்க"ன்னு வாரத்துக்கு ஒருத்தராச்சும் கேக்கறாங்க. மாடி ஓரத்துல தொட்டி கட்டி வைங்க, தானா திரை மாதிரி இறங்கும். ஈரமண் கனம் தாங்குமான்னு கட்டின மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

சேலத்துக்குன்னு ஒரு தொல்லை, மேக்கு பாத்த சுவரு. சித்திரைல ஜிஐ பைப்ப மத்தியானம் தொட்டா கை சுடும், அதுல போய் இளங்கொழுந்து எங்க சுத்தும், கருகிரும். மொத ரெண்டு வருஷம் பைப்புல தேங்கா நார் கயிறு சுத்தி விடுங்க, கம்பிய சுவத்துல இருந்து நாலஞ்சு இஞ்ச் தள்ளி அடிங்க, நடுவுல காத்து ஓடணும். சூரமங்கலம் பக்கம் மேக்னசைட்ங்கற வெள்ளைக்கல் மண்ணு உள்ள இடங்கள்லயும், உப்பு போர் தண்ணி ஊத்தற வீடுகள்லயும் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். உடனே யூரியா வாங்கி கொட்டாதீங்க, மண்ணுல காரத்தன்மை ஜாஸ்தியானா இரும்புச்சத்த வேர் எடுத்துக்க முடியாது, அதான் காரணம். நல்லா மக்குன தொழு உரம், மழைத்தண்ணி இதுக்கு தான் கேக்கும்.

ஏற்காட்டுல கதையே வேற. சேலம் 300 மீட்டருக்கும் கீழ, ஏற்காடு 1,500 மீட்டர் பக்கம், இங்க கலக்கற ரங்கூன் மல்லிக் கொடிய மேல ஏற்காட்டுல ஒரு காட்டேஜுல வச்சு கைய சுட்டுக்கிட்டேன், குளிர்ல மொடங்கியே கெடந்துச்சு, பூ சொல்லிக்கற மாதிரி இல்ல. அங்க பேஷன் ஃப்ரூட் நல்லா வரும், ஆரஞ்சு பூ கொத்தா தொங்கற ஃப்ளேம் வைன் வரும், எஸ்டேட்டுக்காரங்க சில்வர் ஓக்ல மிளகு ஏத்தறதையே பாத்து கத்துக்கலாம். பனிமூட்டத்துல இலை காயாம இருந்தா பூஞ்சை வரும், அதனால அடர்த்தியா விடாம கழிச்சு விடணும்.

இத கட்டாயம் படிங்க. குண்டுமணி, செங்காந்தள், அலமண்டா மூணும் அழகு, மூணும் விஷம். செங்காந்தள் நம்ம மாநிலப் பூ தான், ஆனா அதோட கிழங்க சக்கரவள்ளின்னு நினைச்சு தின்னா உசுருக்கே ஆபத்து. குண்டுமணி விதைய கடிச்சு மென்னுட்டா அதுவும் அப்படித்தான். சின்ன புள்ளைங்க, ஆடு மாடு இருக்கற வீட்டுல வைக்காதீங்க. தெரியாம யாராச்சும் தின்னுட்டா கை வைத்தியம் பாத்துட்டு இருக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, செடில ஒரு துண்ட கைல எடுத்துட்டுப் போங்க.

பாம்பு வருமான்னு எல்லாரும் கேப்பாங்க. பாம்பு கொடிக்காக வராது, எலிக்காக வரும். தரைல இருந்து ஒன்றரை அடி வரைக்கும் இலைய கழிச்சு, சருக கூட்டி, அடி மண்ணு கண்ணுக்கு தெரியற மாதிரி வச்சிருங்க. கொடி சர்வீஸ் ஒயர்ல ஏறிருச்சுன்னா நீங்களா ஏணி போட்டு வெட்டப் போகாதீங்க, ஈபிக்கு சொல்லி லைன ஆஃப் பண்ணின பெறகு தான்.

அழகாபுரத்துல புதுசா பைப்பு நட்டு ரங்கூன் மல்லி வச்சேன். சாயங்காலம் வெள்ளையா விரிஞ்சு, அடுத்தடுத்த நாள் ரோஸாகி செவக்கும், வாசம் தெரு வரைக்கும் போகும். இலை உதிர்ந்தாலும் காம்பு முள்ளாட்டம் நின்னு கம்பிய புடிச்சுக்கும். மொத வருஷமே ரெண்டடில நுனிய கிள்ளி, வர்ற கெளைய பக்கவாட்டுல கட்டி விட்டேன், இல்லேன்னா மேல மட்டும் குடை மாதிரி விரிஞ்சு கீழ மொட்டையா நிக்கும், நமக்கு மறையவேண்டியது கீழ தானே. வேர்ல இருந்து கன்னு வெடிச்சு வரும், அதை அப்பப்ப பிடுங்கணும், மழை முடிஞ்சதும் வருஷத்துக்கு ஒரு தடவை நல்லா வெட்டி விடணும், இத அந்தம்மாகிட்ட எழுதியே குடுத்துட்டேன்.

அது மறைக்கற வரைக்கும் சும்மா விட வேண்டாம்னு ஆடில அதே கம்பில அவரை போட்டோம். கார்த்திகைல இருந்து காய், அவங்களுக்கு போக பால்கனி வீட்டுக்கும் ஒரு பை போகுது. கார் கண்ணாடி மாத்துன காசு மட்டும் இன்னும் என் கணக்குல தான் நிக்குது.