கத்தியைப் பிடுங்கினவர் மேல் கேஸ் வருமா?

கோவையில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிற என்னிடம் கட்சிக்காரர்கள் டீ குடிக்கும்போது கேட்கிற கேள்வி இது: "பஸ்ஸுல ஒருத்தன் கத்திய எடுத்துட்டான்னு வெச்சுக்கோங்க, நாம போய்ப் புடிச்சா கேஸு நம்ம மேல திரும்பிடாதுங்களா?" கத்தியை விடக் கோர்ட்டுக்குத்தான் நம் ஊர் ஆட்கள் அதிகம் பயப்படுகிறார்கள்.

அந்தப் பயம் பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கமும் உண்டு. 2011 பிப்ரவரி 1 அன்று எர்ணாகுளம்–ஷொரணூர் பாசஞ்சரில், பெண்கள் பெட்டியில் தனியாக இருந்த இளம்பெண் தாக்கப்பட்டார். அலறல் பக்கத்துப் பெட்டியில் கேட்டது. சங்கிலியை இழுக்க நினைத்தவர்களை வாசலில் நின்ற ஒருவர் தடுத்துவிட்டார். பெண் குதித்துத் தப்பிவிட்டாள், இதைப் பெரிதாக்கினால் எல்லோரும் கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும் என்றாராம். உச்ச நீதிமன்றத்தின் 2016 தீர்ப்பில் இது இருக்கிறது. அந்தப் பெண் சில நாட்களில் இறந்துபோனார்.

சட்டம் என்ன சொல்கிறது? பாரதிய நியாய சன்ஹிதாவின் 34, 35 பிரிவுகள் (பழைய ஐபிசியில் 96, 97) தற்காப்பு உரிமையைத் தருகின்றன. உங்கள் உடலை மட்டுமல்ல, முன்பின் தெரியாத பக்கத்து சீட்டுக்காரரைக் காப்பாற்றவும் அது பொருந்தும். ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. ஆபத்து நீங்கியதும் உரிமையும் முடிந்தது.

இந்த இரண்டாவது பாதிதான் பலருக்குத் தெரிவதில்லை. பல்லடம் பக்கம் ஒரு டவுன் பஸ்ஸில், மனைவியைத் தேடி ஏறிய ஒருவன் கத்தியை ஓங்கினான். ஒரு பெரியவர் தோளில் கிடந்த துண்டை அவன் மணிக்கட்டில் சுற்றி இழுத்தார். காலேஜ் பையன் ஒருவன் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிக்கொண்டான். கத்தி சீட்டுக்கு அடியில் போனது, இழுத்த இழுப்பில் அவன் கை முறிந்தது. இதுவரை தப்பே இல்லை. அப்புறம் அவனைக் கம்பியோடு கட்டிப்போட்டு ஆளுக்கு ரெண்டு போட்டார்கள். டிபன் கேரியர் பட்டு மண்டை உடைந்தது. வக்கீலைத் தேடி வந்தவர் துண்டுக்காரர் இல்லை, கேரியர்காரர்.

2015 ஆகஸ்ட் 21 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாரிஸ் போன தாலிஸ் ரயிலில் துப்பாக்கியோடு வந்தவனைப் பயணிகளே அடித்து வீழ்த்திக் கட்டிப்போட்டார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கப்புறம் நடந்தது. அவர்களில் ஒருவர், தனக்கே வெட்டுக்காயம் இருந்தும், குண்டடிபட்ட சக பயணியின் கழுத்துக் காயத்தில் விரலை அழுத்தி ரத்தத்தை நிறுத்தினார். அவர் பிழைத்துக்கொண்டார்.

கட்டாயம் கத்திக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சத்தம் போடலாம், டிரைவரிடம் சொல்லி வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்துவிடலாம். ரயிலில் சங்கிலியை இழுக்கலாம். ரயில்வே சட்டத்தின் 141-வது பிரிவு தண்டிப்பது தகுந்த காரணமில்லாமல் இழுப்பவரைத்தான். உதவிக்குக் கூப்பிட வேண்டிய போன் எண் ரயிலில் 139, மற்ற இடங்களில் 112.

உங்கள் கண்ணெதிரில் கொலைவெறியோடு தாக்குகிறவனை நீங்களே பிடித்தால் அதுவும் சட்டப்படியான கைதுதான். ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். நம் பக்கத்தில் டிரைவர்கள் வண்டியை நேரே ஸ்டேஷனுக்கு விட்டுவிடுவார்கள், நல்ல பழக்கம்.

சாட்சி சொல்வதும் நினைக்கிற அளவுக்குப் பாடு இல்லை. பெண்களையும் அறுபது தாண்டியவர்களையும் போலீஸ் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். கோர்ட்டுக்கு வருகிற சாட்சிக்குச் செலவுப்படி கேட்கவும் வழி உண்டு. பார்த்ததை மட்டும் சொன்னால் போதும்.

கீழே விழுந்த கத்தியைக் கையால் எடுக்காதீர்கள், யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டு போலீசுக்குக் காட்டுங்கள். வீடியோ எடுத்திருந்தால் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றவிடாமல், எடுத்த போனிலேயே அசலை அழிக்காமல் வையுங்கள். பிறகு கேட்கப்போவது அதைத்தான்.