முட்டினால் மாடு கத்தும்: 1989-இன் முப்பரிமாண கார் பந்தயம்

சாவியைத் திருப்பினால்தான் வண்டி கிளம்பும். காசு போட்டு விளையாடும் வீடியோ கேமில் சாவிக்கு என்ன வேலை என்று யாருக்கும் தோன்றும். அமெரிக்காவின் அட்டாரி கேம்ஸ் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட 'ஹார்ட் டிரைவின்' அப்படித்தான் இருந்தது. உட்கார்ந்ததும் சீட்டை முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளலாம். காலடியில் ஆக்சிலரேட்டர், பிரேக், கிளட்ச் மூன்றும் உண்டு. கையருகே நான்கு கியர். கியரைச் சொதப்பினால் இன்ஜின் நின்றுவிடும், மறுபடி சாவியைத் திருப்ப வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் ஓட்டவும் வழி இருந்தது. ஆனால் அது கல்யாண வீட்டுக்குப் போய் மோர் குடித்துவிட்டுத் திரும்புவது மாதிரி.

இந்த இயந்திரம் என்ன புதிதாகச் செய்தது என்று புரிய, அதற்கு முந்தைய கார் கேம்களின் தந்திரம் தெரிய வேண்டும். 1982-இன் 'போல் பொசிஷன்', 1986-இன் 'அவுட் ரன்' இரண்டிலும் சாலை தொலைவிலிருந்து நம்மை நோக்கிப் பாய்ந்து வரும். பார்க்க முப்பரிமாணம்தான். உள்ளே அப்படி எதுவும் கிடையாது. ஒரு மரத்தின் தட்டையான படம் முதலில் சின்னதாக, பிறகு கொஞ்சம் பெரிதாக, பிறகு இன்னும் பெரிதாகக் காட்டப்படும். சாலை என்பது திரையின் கிடைக்கோடுகள்தான். ஒவ்வொன்றையும் கொஞ்சம் இடமோ வலமோ நகர்த்தினால் வளைவு. அழகான ஏமாற்று வேலை, குறை சொல்ல மனம் வராது. ஆனால் அந்த மரத்துக்குப் பின்பக்கம் இல்லை. வண்டியை வந்த வழியே திருப்பவும் முடியாது.

ஹார்ட் டிரைவினில் சாலை, பாலம், எதிரே வரும் லாரி, புல்வெளியில் நிற்கும் மாடு எல்லாமே பலகோணங்களால் கட்டியவை. ஒவ்வொரு பலகோணத்தின் முனைக்கும் நீளம், அகலம், உயரம் என மூன்று எண்கள். கார் நகர நகர, நம் கண் இருக்கும் இடத்திலிருந்து அந்த முனை எங்கே தெரியும் என்று ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். கடைசிப் படி எளிமையானது, தூரத்தால் வகுப்பது. 10 மீட்டரில் நிற்கும் கம்பம் திரையில் 100 புள்ளி உயரம் என்றால், 20 மீட்டரில் 50, 40 மீட்டரில் 25. அதற்கு முந்தைய படிதான் தலைவலி. நம் பார்வை திரும்பியிருக்கும் திசைக்கு ஏற்ப உலகத்தையே சுழற்ற வேண்டும். அதற்கு ஒரு முனைக்கு 9 பெருக்கல்.

ஒன்பது பெருக்கல் ஒரு விஷயமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காட்சியில் 1,000 முனைகள், நொடிக்கு 20 படங்கள் என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 1,80,000 பெருக்கல் ஆகிறது. இயந்திரத்தின் தலைமைச் சிப் மோட்டரோலா 68010, வேகம் 8 மெகாஹெர்ட்ஸ். நொடிக்கு 80 லட்சம் துடிப்பு. ஒரு பெருக்கலுக்கே அது நாற்பதுக்கு மேல் துடிப்புகளைத் தின்னும். ஆக, வேறு எதையும் தொடாமல் பெருக்கிக்கொண்டே இருந்தாலும் நொடிக்கு 1,90,000-தான் முடியும். முனைகளைச் சுழற்றியதோடு அதன் மூச்சு நின்றுவிடும். காரை யார் ஓட்டுவது?

அதனால் பெருக்குவதற்கென்றே தனி ஆள் வைத்தார்கள். அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் ஏடிஎஸ்பி-2100 ஒரு சிக்னல் பிராசசர். ஒலி அலைகளை அலசுவது போன்ற வேலைகளுக்காகப் பிறந்த இனம் அது. ஒரே துடிப்பில் இரண்டு எண்களைப் பெருக்கி, விடையை முந்தைய கூட்டலோடு சேர்த்தும் விடும். ஒலி வேலைக்கும் முனையைச் சுழற்றவும் வேண்டியது இதே பெருக்கல்-கூட்டல்தான். அதே 8 மெகாஹெர்ட்ஸில் 80 லட்சம் பெருக்கல். தலைமைச் சிப்பை மூச்சுத் திணறவைத்த வேலை இதற்குச் சில்லறை.

முனைகள் திரையில் எங்கே விழும் என்று தெரிந்த பிறகு உள்ளே வண்ணம் நிரப்ப வேண்டும். இது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்34010 சிப்பின் பொறுப்பு. பலகோணத்தைக் கிடையாகச் சீவிச் சீவி, ஒவ்வொரு கீற்றையும் ஒரே வண்ணத்தால் நிரப்பும். சுமார் 2 லட்சம் புள்ளிகள் கொண்ட திரை, அதில் ஒரு பலகோணத்துக்கு ஒரே நிறம். அதனால்தான் அந்த மாடு காகிதத்தை வெட்டி ஒட்டியது போல இருக்கும். இந்தச் சிப்பும் முழுக்க நிரல் எழுதக்கூடிய பிராசசர்தான் என்றாலும், புள்ளிகளை மொத்தமாக நிரப்பவும் நகர்த்தவும் அதற்குள்ளேயே கட்டளைகள் உண்டு.

இப்படி உலகத்தையே உள்ளே கட்டி வைத்ததில் ஒரு பரிசு கிடைத்தது. தலைகீழாகச் சுற்றி வரும் வளையப் பாதையான லூப்பிலிருந்து விழுந்தோ லாரியில் மோதியோ வண்டி நொறுங்கினால், அந்த விபத்தை உடனே இன்னொரு முறை வெளியிலிருந்து காட்டும். கேமராவை எங்கே வைத்தாலும் கணக்கு ஒன்றுதான். கண் இருக்கும் இடத்துக்கு வேறு மூன்று எண்கள் கொடுத்தால் போதும். அவுட் ரன்னின் மரத்தால் இது ஆகாது. வேண்டுமென்றே மோதிப் பார்த்தவர்கள் நிறைய இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். மாட்டின் மேல் ஏற்றினால் அது "ம்ம்மா" என்று கத்தும் என்பதையும் யாரோ அப்படித்தானே கண்டுபிடித்திருக்க வேண்டும்!

பலகோணக் கார் பந்தயத்தில் அட்டாரி தனியாக இல்லை. ஜப்பானில் நாம்கோவின் 'வின்னிங் ரன்' 1988 இறுதியிலேயே வந்துவிட்டது. 1992-இல் சேகாவின் 'வர்ச்சுவா ரேசிங்' நொடிக்கு 1,80,000 பலகோணம் என்ற கணக்கோடு வந்து, கேமராவை இடம் மாற்ற நான்கு பொத்தான்களையே ஸ்டியரிங் அருகே வைத்தது. பார்க்க அதுதான் அழகு. ஆனால் என்னைக் கேட்டால், ஹார்ட் டிரைவினின் அசல் சாதனை திரையில் இல்லை, கையில் இருந்தது.

கேமின் பெயர்ப் பட்டியலில் 'டெஸ்ட் டிரைவர்' என்று டக் மில்லிகன் என்பவரின் பெயர் வரும். அவர் வாகன இயக்கவியல் நிபுணர். கார் எப்படி நகர வேண்டும் என்பதைக் கண்ணளவில் முடிவு செய்யாமல், டயர்களின் பிடி, சஸ்பென்ஷனின் ஸ்பிரிங், இன்ஜினின் முறுக்கு எல்லாவற்றையும் சமன்பாடுகளாக வைத்துக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கு ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் மோட்டாருக்குப் போகும். மோட்டார் நம் கையைத் திருப்பித் தள்ளும்.

கார் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், திருப்பம் முடிந்து பிடியைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வரும். இதற்குப் பெரும் காரணம் டயர் தரையைத் தொடும் உள்ளங்கை அளவு ரப்பர். திருப்பும்போது அந்த ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. முறுக்கம் முன்விளிம்பில் குறைவு, பின்னால் போகப்போக அதிகம். எனவே பக்கவாட்டு விசையின் மையம், சக்கரம் திரும்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. கதவை அச்சிலிருந்து தள்ளிப் பிடித்துத் தள்ளினால் அது திரும்புமே, அப்படி இந்த விசை சக்கரத்தை நேராக்கப் பார்க்கும். அப்புறம் வேகம் கூடி, டயர் வழுக்கத் தொடங்கும்போது முதலில் வழுக்குவது முறுக்கம் அதிகமுள்ள பின்பகுதிதான். விசையின் மையம் முன்னே நகர்ந்து அச்சை நெருங்கும். கையில் ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். டயர் பிடியை விடப்போகிறது என்பதைக் கண் பார்ப்பதற்கு முன்பே கை உணர்வது இப்படித்தான்.

பிரேக்கிலும் இதே பிடிவாதம். பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்று அளப்பது மலிவான வழி. ஆனால் நிஜக் காரில் ஓரளவுக்கு மேல் பெடல் இறங்காது, அழுத்தம்தான் கூடும். அதனால் உட்கார்ந்து ஓட்டும் காக்பிட் இயந்திரத்தில், கால் எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பதையே உலோகத்தின் நுண்ணிய வளைவை வைத்து அளந்தார்கள். இன்று வீட்டில் கார் கேம் ஆடுபவர்கள் 'லோட் செல் பெடல்' என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குவதும் அதே வேலையைத்தான் செய்கிறது.